மூடியர் கட்டிய கூறை

தும்மலோடு சண்டை பிடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மூடியர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் சுன்னாகப் பக்கம் ஒரு மிளகாய் மில்லில் நான் தராசடியில் நின்றேன். அவர் மெசின்காரர். தூள் பறக்கும் ஓட்டை எதைக் கண்டாலும் சாக்கோ உடுத்த சாரமோ வைத்து மூடுவார். அதனால் அந்தப் பெயர். ஒருநாள் கழற்றி ஆணியில் கொழுவிய என் சேட்டைக் காணவில்லை. தேடினால், மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது!

"ஐயோ, புதுச் சேட்டு அண்ணை!"

"புதுசெண்டபடியால்தான் தம்பி. பழசிலை ஓட்டை."

விசயம் இதுதான். மில்லுக்குப் பின்வேலியோடு அவர் வீடு. மகளைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைப் பகுதியும் படலையைத் திறந்ததும் அடுக்கடுக்காகத் தும்மி, சகுனம் சரியில்லை என்று தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது பகுதி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஒரு மணித்தியாலம் மில்லை நிற்பாட்டக் கேட்டார். முதலாளி மறுத்துவிட்டார்.

வெள்ளி காலை மில்லுக்குள் வந்த நான் திகைத்துப்போனேன். தூள் கொட்டும் வாயிலிருந்து சாக்குவரை சிவப்புப் பட்டு, சரிகைக் கரையோடு!

"அண்ணை, உது உங்கடை கலியாணத்துக்கு அக்கா உடுத்த கூறையல்லோ! விசரே உங்களுக்கு?"

"நெருக்கமான நெசவு தம்பி. ஒரு கிள்ளுத் தூளும் வெளியாலை வராது."

"அக்காவுக்குத் தெரியுமே?"

"அவதான் பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தவ."

கலியாணக் கூறையை மெசினுக்கு உடுத்த ஒரு வீட்டை நான் அன்றுதான் கண்டேன்.

பகுதி வந்தது. மூடியர் மூட மறந்த ஒரே வேலிப் பொட்டுக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் படலையைத் திறந்தார், தும்மவில்லை. தேத்தண்ணீர் குடித்தார், தும்மவில்லை. "எங்களுக்குச் சம்மதம்" என்று வாயெடுத்தபோது மூடியர் தும்மினார். ஒன்றல்ல, ஏழு! பதினைந்து வருடம் தூளில் ஊறிய மூக்குக்கு நல்ல காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மா எழும்பிவிட்டார்.

"இருங்கோ அக்கா," என்றார் மூடியரின் மனைவி. "நீங்கள் தும்மக்கூடாதெண்டு என்ரை கூறையை மெசினிலை கட்டிப்போட்டு நிக்கிறார் இந்த மனுசன். வந்து பாருங்கோ."

அந்த அம்மா வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்தார். நான் பாய்ந்து விலகினேன்.

"கூறையையோ!" என்று வாயில் கைவைத்தவர், திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். "இப்பிடியொரு தேப்பன்ரை பிள்ளையை விட்டிட்டுப் போனால் அதுதான் சகுனப்பிழை."

கலியாணம் நடந்தது. கூறையை மூடியர் மெசினிலிருந்து கழற்றவில்லை; அக்கம்பக்கத்திலும் குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, எல்லாரும் பெட்டி தூக்க, மூடியர் மில்லுக்குள் ஓடிக் கூறையோடு வந்தார்.

"உதறிப்போட்டு மடியுங்கோவன் அண்ணை."

"விசரா, வெளிக்கிடுற நேரத்திலை சனம் தும்மக்கூடாது."

அவ்வளவு தூளையும் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. தும்மிவிடுவேன் என்ற பயத்தில் நாலடி தள்ளிப் பின்னால் நடந்தேன்.