பிரிவுக்கு ஒரு ரத்தம்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குகளைக் கையாளும் எங்கள் நிறுவனம், ஊழியர்களின் உடல்நலத்தில் அளவு கடந்த அக்கறை கொண்டது. நமக்குக் காய்ச்சலா இல்லையா என்பதைக்கூட நம்மிடம் விடாத அக்கறை.

நல்வாழ்வு மேலாளர் சுஷ்மிதா ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த மறுவாரமே, ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்தது. தினமும் காலையில் விரலை நீட்ட வேண்டும். வெள்ளையணு நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் நடுவில் இருந்தால் திரையில் பச்சை. தனித்தனியாகக் காட்டினால் ஊழியர்களின் அந்தரங்கம் கெட்டுவிடுமாம். ஆகவே பிரிவுக்கு ஒரு சராசரி.

எங்கள் பிரிவில் வெங்கடேஷ், அழகப்பன், நான் என்று மூன்றே பேர்.

ஒரு திங்கட்கிழமை வெங்கடேஷ் கொதிக்கும் உடம்போடு வந்தான். ஃப்ளூ. கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிட்டு, வைரஸ் வெள்ளையணுவை இறக்கிவிட்டது, படுத்தே இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கொடுத்திருந்தார்கள். ஆனால் எம்சியை எங்கள் இயந்திரம் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அதற்காக எழுந்து வந்திருந்தான்.

சுஷ்மிதா திரையைப் பார்த்து மலர்ந்தார். "உங்க செக்‌ஷன் ஏழாயிரம் லா! பெர்ஃபெக்ட்!"

"மேடம், எனக்கு ரெண்டாயிரம்தான். மூச்சு வாங்குது."

"அது உங்க பர்சனல் ஃபிகர். டீமா யோசிங்க. அழகப்பன் அண்ணனுக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறு. உங்களையும் சேர்த்து அவர்தான் தாங்குறார்."

அழகப்பன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கடவாய்ப் பல்லுல சீழ், மேடம். அதான் ஏறிக் கிடக்கு. மத்தியானம் பல் டாக்டர்கிட்ட போகணும்."

"பல்லைப் பிடுங்கிட்டா உங்க கவுண்ட் இறங்கிடும். செக்‌ஷனே ரெட் ஆயிடும். அப்புறம் வெங்கடேஷ் கதி? கொஞ்சம் மனிதாபிமானம் வேணும், அண்ணே."

அழகப்பன் மனிதாபிமானத்தோடு சீழை வைத்துக்கொண்டார். வெங்கடேஷ் வேலைக்குப் போனான். நான் சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். என்னுடையது நாலாயிரத்து ஐந்நூறு. எனக்கு எதற்கு வம்பு?

புதன்கிழமை வெங்கடேஷ் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது. நிமோனியாவாம், தீவிர சிகிச்சையாம்.

ஆஸ்பத்திரியில் இருப்பவர் ரத்தம் கணக்கில் வராது. வியாழக்கிழமை எங்கள் சராசரி ஒன்பதாயிரத்து ஐந்நூறு. நிறுவனத்திலேயே அதுதான் உச்சம். 'ஆண்டின் ஆரோக்கியப் பிரிவு' விருதுக்கு எங்களை மேடையேற்றினார்கள்.

எனக்கே வெட்கமாகிவிட்டது. "கேடயத்துல வெங்கடேஷ் பேரைக் காணோமே, மேடம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவர் சிக் லா. ஹெல்த் அவார்டுல எப்படிப் போடறது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சபை பலமாகக் கைதட்டியது. பாதிப் பேர் இருமிக்கொண்டே தட்டினார்கள்.

பரிசு, ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு. அழகப்பன் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். நான் குடும்பத்தோடு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய் வந்தேன். ஆஸ்பத்திரி அந்த வழியில் இல்லை.