நாளைக்கி நைனாவின் ரெண்டு சீட்டு கார்

ஓர் அங்குலம்கூட உருளாமல் மாநிலம் விட்டு மாநிலம் போன கார் உலகத்திலேயே ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் திருத்தணியில் கல்யாண சமையல் செய்துகொண்டிருந்த நாளைக்கி நைனா. ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. முதல்நாள் மதராஸ் ராஜ்ஜியத்தில் நின்றிருந்த கார் மறுநாள் ஆந்திராவில் நின்றது.

"பாத்தீங்களா சார்? சும்மா நின்னுகினே எல்லை தாண்டிச்சு. இது ஓடினா எங்கெங்க போவும்னு நெனச்சிப் பாருங்க!" என்றார் நைனா, தானே ஓட்டிக்கொண்டு போனவர்போல.

அப்போது நான் அந்த ஊரில் ஹைஸ்கூல் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. நைனா வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; அது யாருக்கும் தேவைப்படவில்லை. "கார் எப்ப நைனா ஓடும்?" என்று ஊரே கேட்கும். "நாளைக்கி" என்பார். பெயர் நிலைத்துவிட்டது.

கார் அவருக்கு வந்தது புளியோதரையால். வெள்ளைக்காரன் காலத்தில் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சமைத்தார். சாப்பிட்டுவிட்டு ஜமீன்தார் உருகிப்போய், "என்ன வேணும், கேள்" என்றாராம். பத்து மூட்டை நெல் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நைனா வாசலில் நின்ற சிவப்புக் காரைக் காட்டினார். அது எந்தத் துரையோ பந்தயத்துக்கென்று சீமையிலிருந்து வரவழைத்த வண்டி. கூரை இல்லை. நீண்ட பானெட், தரையோடு தரையாக ரெண்டே சீட்டு. அன்று காலைதான் அது படுத்துவிட்டது என்பதால் ஜமீன்தாரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். ரெண்டு மாடுகள் இழுக்க, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நைனா ராஜா மாதிரி ஊருக்குள் வந்தார். அத்தோடு வண்டி கொல்லைக் கொட்டகைக்குள் போனதுதான்.

அதற்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. தினமும் பழைய பட்டு வேட்டியால் துடைப்பார். மத்தியானம் சாப்பிட்டதும் அதில் போய் உட்கார்ந்துகொள்வார். கல்யாணத்துக்குச் சமையல் பேச வருகிறவர்கள் கொட்டகைக்கே வந்து நிற்க வேண்டும். ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே, "சாம்பாருக்குப் பூசணி, கூட்டுக்குப் பொடலங்கா" என்று முடிவு சொல்வார்.

ரிப்பேருக்கும் ஆள் வந்துகொண்டுதான் இருந்தார். அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் தாஸ். நான் முதலில் பார்த்தபோது ஈர்க்குச்சிபோல இருந்தார். அவர் பானெட்டைத் திறப்பதற்குள், "மொதல்ல ஒரு வாய் சாப்ட்டு வா" என்று நைனா இலை போட்டுவிடுவார். வடை, பாயசம், வத்தல்குழம்பு எல்லாம் முடித்தால் ஸ்பேனரைத் தூக்க யாருக்கு முடியும்? கொட்டகையிலேயே தூங்கிவிட்டு, சாயங்கால ரயிலில் போய்விடுவார். சில வருஷங்களில் தாஸுக்குத் தொப்பை போட்டது. காருக்கு ஒரு ஆணிகூட மாறவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். "நைனா, ஆள் வர்றார், கையில் வித்தை இருக்கு. நீங்கதான் சோறு போட்டே அவரைத் தடுக்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எத்தினி சீட்டு கீது பாருங்க சார்."

"ரெண்டு."

"ஒண்ணுல நான். இன்னொண்ணுல யாரு?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் ரெண்டு பெண்கள். ஒருவர் மனைவி மங்கம்மா. இன்னொருவர் இளம்வயதிலேயே கணவனை இழந்து தம்பியோடு வந்து தங்கிவிட்ட அக்கா. ரசத்தில் உப்பு பற்றியே ரெண்டு பேரும் ஒருநாள் முழுக்கப் பேச வல்லவர்கள்.

"அக்காவ ஒக்கார வெச்சா மங்கம்மா மூஞ்சிய தூக்கிக்குவா. மங்கம்மாவ ஒக்கார வெச்சா அக்கா சாப்ட மாட்டா. ஓடாத வரைக்கும் ஊட்ல சண்ட இல்ல சார்" என்றார் நைனா. ஆயிரம் பேர் பந்தியை அசராமல் சமாளிக்கிறவர், அந்தக் காலி சீட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அக்காவுக்குக் கண்ணில் புரை வளர்ந்தது. அரிசியில் கல் தெரியவில்லை, பிறகு ஆளே தெரியவில்லை. பட்டணத்தில் ஆபரேஷன் செய்யலாம், பார்வை வந்தாலும் வரும், போனாலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு வேளையில் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "டேய், ஆபரேசனுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வண்டி ஓடறத ஒருதரம் பாத்துடறன்டா. அப்பறம் எப்பிடி ஆனாலும் சரி."

மங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "கேக்குதா பாவா? நாளக்கி கீளக்கின்னு சொன்னா இனிமே ஒனக்கு சோறு கெடையாது."

மறுநாளே தாஸ் வந்தார். இலை விழவில்லை. "இஞ்சின் பேசட்டும், அப்பறம் நீ சாப்புடு" என்றுவிட்டார் நைனா. தாஸ் பசியோடு செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும்! டயர் பட்டணத்திலிருந்து வந்தது. சீட்டுக்குத் தோல் கிடைக்காததால் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் கெட்டியாகக் கட்டம்போட்ட துணி நெய்து கொடுத்தார். ரேடியேட்டர் ஒழுகியது.

"ஒரு பிடி மஞ்சத்தூள் குடுங்க நைனா, ஓட்டைய அடச்சிக்கும்" என்றார் தாஸ்.

நைனா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது மாப்ள ஊட்டு சாம்பாருக்கு இடிச்சது. கடைல வாங்கிப் போடு."

கடை மஞ்சள் வந்தது. மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "தூ! இதையா என் வண்டிக்குள்ள ஊத்தறது?" என்று, நல்ல மஞ்சளையே கை நிறைய அள்ளிக் கொட்டினார். அன்று இஞ்சின் கிளம்பியபோது தெரு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. தாஸ் நேரே இலைக்கு ஓடினார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது இன்னொரு கூத்து. அக்கா உட்காருவதற்கு முன்னால் பக்கத்து சீட்டில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்று நைனாவின் சட்டம். பாவம் தாஸ், புட்போர்டில் தொங்கிக்கொண்டே, "கிளச்சு! கிளச்சு!" என்று கே.ஜி.கண்டிகை வரை கத்திக்கொண்டு போனார்.

அந்த நாளும் வந்தது. காலை வெயிலில் தெருவே கூடிவிட்டது. மங்கம்மா தன் நாத்தனாருக்குப் புதுப்புடவை கட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து சீட்டில் உட்காரவைத்தாள். பிறகு நகர்ந்து நின்றாள். நைனா மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா கையால் துழாவினார். "மங்கா எங்க?"

"இங்கதான் நிக்கறன் அண்ணி. நீங்க போய்ட்டு வாங்க, எடமில்ல."

"இன்னாடி எடமில்ல? என் மடி இல்ல? வந்து ஒக்காரு."

"ஐயோ, ஊரே பாக்குது அண்ணி!"

"எனக்குத் தெரியல. நீ ஏறு."

நாற்பது வயது மங்கம்மா வெட்கத்தோடு நாத்தனார் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நைனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் பயந்த சண்டையை அந்த இரண்டு பேரும் ஒருநாளும் நினைத்ததுகூட இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

கார் கிளம்பியது. குளத்தைச் சுற்றியது, கடைத்தெருவைத் தாண்டியது, காணாமல் போனது. நானும் தாஸும் சைக்கிளில் துரத்தினோம். திருவாலங்காட்டு ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றிருந்தது. பக்கத்து வரப்பில் மூவரும் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பார்த்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல சார். காத்துதான். ஆனா எம்மாங்காத்து!" என்று சிரித்தார். நைனா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்த அக்கா முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போய்க் காரைப் பார்த்தார். "இன்னாடா இது, சீட்டுக்கு லுங்கி கட்டி வெச்சிருக்க?" என்றார். பார்வை வந்துவிட்டது என்று எல்லோருக்கும் உறுதியானது.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றலாகிவிட்டது. நைனாதான் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். டிரங்குப் பெட்டிக்கு இடமில்லாமல் அது மாட்டுவண்டியில் வந்தது. எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. ரயில் நகர்ந்து லெவல் கிராஸிங்கைக் கடந்தபோது எட்டிப் பார்த்தேன். கேட்டுக்குப் பின்னால் சிவப்புக் கார். பெண்கள் இருவரும் நடந்தே வந்து அங்கே ஏறியிருக்க வேண்டும். மூன்று பேரும் கை ஆட்டினார்கள். நைனா ரெண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துவிட்டு ஆட்டினார்.

நானும் ஆட்டினேன். அரக்கோணம் வந்த பிறகும், எதிரே உட்கார்ந்திருந்தவர் சொல்லும்வரை, கையை உள்ளே எடுக்கத் தோன்றவில்லை.