பழுதைக் கண்டுபிடித்துவிட்டவர்

பழுது பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பழுதைத் தேடுகிறவர்கள் ஒரு வகை. பழுதைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் மற்ற வகை. முதல் வகையினர் மிகச் சிலர். பேசமாட்டார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் வகையினர் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வீதிக்கு வீதி நிறைந்திருக்கிறார்கள். மின்விசிறி நின்றால், மோட்டார் சைக்கிள் இருமினால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி கீச்சிட்டால், சாமானைத் தொடுவதற்கு முன்னமே காரணம் அவர்கள் நாக்கு நுனிக்கு வந்துவிடும். இதை எழுதுகிறவரும் அந்தக் கூட்டம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சாய்ந்தமருது மீராமுகைதீனை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தாரில் உயர்ந்த கட்டடங்களின் லிஃப்டுகளைத் திருத்திவிட்டு ஊர் திரும்பியவர். லிஃப்ட் மேலும் கீழும்தான் போகும். அவருக்கு அது போதவில்லை. இடம் வலமாகவும் முன் பின்னாகவும் போகிற ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே காரை வெளியே உப்புக்காற்றில் நிறுத்திவிட்டு, கராஜுக்குள் அலுமினியச் சட்டங்களையும், சீனாவிலிருந்து பொதி பொதியாக வந்த மோட்டர்களையும், குடல் போலச் சுருண்டு கிடந்த வயர்களையும் கொண்டு, தன் கையாலேயே ஒரு சி.என்.சி. ரவுட்டரைக் கட்டினார். கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைந்தால் அதைப் பலகையில் தானாகவே செதுக்க வேண்டிய மெஷின் அது. அவருடைய மனைவி ஹாஜறா அதற்கு வைத்த பெயர் 'இரண்டாந்தாரம்'.

ஹாஜறாவின் மூத்த சகோதரர் ஜெஸீம், அவளுக்குக் காக்கா, நெல் வியாபாரி. மகள் றிஸ்லாவின் கலியாணத்துக்காக வீடு கட்டி முடித்து, வாசல் கதவு மட்டும் மிச்சமாக இருந்தது. றிஸ்லா பிறந்தபோது வளவில் வைத்த தேக்கை வெட்டிக் காயவைத்து, அகலமான ஒரு கதவுப் பலகை செய்து வைத்திருந்தார். அதில் பூக்கொடி செதுக்க அக்கரைப்பற்றில் ஒரு பட்டறைக்குக் கொடுக்கப் போவதாக அவர் சொன்னதும் மீராமுகைதீனுக்குச் சுருக்கென்றது.

"வீட்டுக்குள்ள மெஷின வச்சிக்கிட்டு மருமகள்ர கதவ வெளியால குடுக்கிறதா மச்சான்? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"மெஷின் ஓடுமா மச்சான்?"

"ஓடுமா எண்டு கேக்காதீங்க. எப்பிடி நிப்பாட்டுற எண்டு கேளுங்க!"

இதைச் சொன்ன நேரத்தில் மெஷின் ஓடவில்லை. அது ஒரு சின்ன விஷயம். நம் கூட்டத்தில் வாக்கு முதலில் வரும், மெஷின் பிறகு வரும்.

பழைய பிளைவுட் துண்டொன்றில் வட்டம் ஒன்று செதுக்கச் சொன்னார். மெஷின் உருளைக்கிழங்கு செதுக்கியது.

"கண்டுபிடிச்சிட்டன்," என்றார். "கரண்ட் பத்தா. இந்த நேரத்தில ஊரே தண்ணி மோட்டர் போடுது."

ஊர் தண்ணீர் இறைத்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டினார். உருளைக்கிழங்கு சற்றுப் பெரிதாக வந்தது. அடுத்ததாகக் கடற்காற்றைக் குற்றவாளியாக்கி, வயர் முனைகளையெல்லாம் தேய்த்துத் துடைத்தார். பின்பு சீனாக்காரன்மேல் சந்தேகப்பட்டு மோட்டர் வயர்களை இடம் மாற்றிப் பூட்டினார். மோட்டர் சுற்றுவதை விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல்காரன்போல் நின்ற இடத்தில் நடுங்கியது. வயர்களைப் பழையபடி மாற்றினார். நடுக்கம் நின்றது, ஆனால் வெட்டும் அலகு சுழலத் தொடங்கிய மறுகணம், ஓரத்தைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு மெஷின் முழுவதுமே நின்றது. எதையும் தொடாமலே தொட்டதாக நினைக்கிற மெஷினைப் பற்றி என்ன சொல்ல? அலகுக்குப் போகும் வயரின் மின் இரைச்சல் பக்கத்து வயருக்குள் புகுகிறது என்று தீர்மானித்து, வயர்களைப் பிரித்து, வெள்ளித்தாள் சுற்றினார்.

"கேக் அவிக்கிற என்ட தாள் எங்க போன?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

இணையத்தில் ஒரு குழுவிலும் கேட்டுப் பார்த்தார். போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், மெஷினைக் கண்ணால் காணாமலே ஆளுக்கொரு காரணத்தை அடித்துச் சொன்னார்கள். நம்மவர்கள் எங்கே இல்லை?

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த கையோடு, பெல்ட்டை இறுக்கி, மோட்டருக்கான மின்னோட்டத்தைக் கூட்டி, வயர்களைப் புதிதாகச் சேர்த்துக் கட்டி, கம்ப்யூட்டரில் இருந்த கணக்குகளையும் மாற்றினார். எல்லாம் ஒரே மூச்சில். வட்டம் வட்டமாக வந்தது! ஒன்றல்ல, துண்டு நிறைய வட்டங்கள். ஹாஜறாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

"வடிவாத்தான் இரிக்கி. எதால சரி வந்த?"

"எல்லாத்தாலயும்தான்."

பழுது போய்விட்டது, ஏன் போனது என்று தெரியாது. இதைவிட ஆபத்தான சந்தோஷம் உலகத்தில் உண்டா?

மறுநாள் ஜெஸீம் குடும்பத்தோடு வந்தார். தேக்குப் பலகையை மெஷினில் ஏற்றினார்கள். வட்டிலப்பமும் தேத்தண்ணீரும் வந்தன. மீராமுகைதீன் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுவிட்சைப் போட்டார். கொடி வளைந்தது. இலை பிரிந்தது. ஒரு பூ மலர்ந்தது. தேக்கின் வாசம் கராஜை நிறைத்தது. றிஸ்லா போனில் படம்பிடித்தாள். ஜெஸீம் மரத்தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், அக்கரப்பத்துக்கு ஏன் போக?" என்றார். அந்த வசனம் மீராமுகைதீனின் நெஞ்சுக்குள் போய் உட்காருவதற்குள், பலகையின் தொலைவான முனையை எட்டிய மெஷின் ஒருமுறை உறுமிற்று, துள்ளிற்று, பக்கவாட்டில் விலகிற்று. விலகின இடத்திலிருந்து, தான் சரியான பாதையில்தான் போகிறேன் என்ற முழு நம்பிக்கையோடு, செதுக்கிய பூவின் நடுவால் ஆழமான ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது.

அவர் பாய்ந்து சுவிட்சைத் தட்டினார்.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல வேண்டிய கட்டம் அது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"பரவால்ல மச்சான்," என்றார் ஜெஸீம். மிக மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

விடிந்ததும் மீராமுகைதீன் கராஜில் தனியாக இருந்தார். குற்றம் சுமத்த அவருக்கு யாரும் மிஞ்சவில்லை. கரண்ட், கடல், சீனா, எல்லாரையும் ஏற்கனவே தண்டித்தாயிற்று. முதன்முறையாக, காரணம் எதையும் நினைக்காமல், மெஷினின் மின்சாரத்தை முழுவதும் துண்டித்தார். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும், அறாமல் இருந்தால் கூவும் மீட்டரை எடுத்தார். ஒரு வயரின் இரு முனையிலும் மீட்டரை மாட்டிவிட்டு, மெஷினின் கையைத் தன் கையால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மெல்லத் தள்ளினார். மீட்டர் விடாமல் கூவியது. அடுத்த வயர். அதற்கும் கூவியது. அதற்கடுத்த வயரில், அந்தக் கரையை நெருங்கியதும் கூவல் நின்றது. பின்னால் இழுத்தார், கூவியது. தள்ளினார், நின்றது.

அந்த வயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தார். மெஷினைக் கட்டிய நாளில் வயர் நீளம் எட்டாமல், 'இப்போதைக்கு' என்று அவரே வெறுங்கையால் முறுக்கி ஒட்டுப்போட்ட இடம். மெஷின் தொலைவுக்குப் போகும்போது மட்டும் ஒட்டு இழுபட்டு விட்டுப்போகிறது. வெள்ளிக்கிழமை வட்டங்கள் ஏன் சரியாக வந்தன? உருளைக்கிழங்குகள் அந்தக் கரையில் வந்தவை; வட்டங்கள் எல்லாவற்றையும் இந்தக் கரையில், தன் கதிரைக்குப் பக்கத்திலேயே செதுக்கிப் பார்த்திருந்தார். பெரிய பலகைக்குச் சின்னத் துண்டில் பரீட்சை வைத்துத் தனக்குத் தானே சித்தியடைந்ததாகவும் போட்டுக்கொண்டார்.

"காக்காக்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள் ஹாஜறா.

"கரண்ட் வந்து வந்து போன எண்டு சொல்லலாம்."

"சொல்லலாம்," என்றாள். அவள் பார்வை அந்த ஒட்டின்மேல் இருந்தது.

ஜெஸீம் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று மீராமுகைதீன் சொன்னார்: "கரண்டும் இல்ல, காத்தும் இல்ல மச்சான். நான் போட்ட ஒட்டு. ஒழுங்காப் பாக்காம புள்ளட பலகையக் கொண்டு ஏத்திட்டன்."

ஜெஸீம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து றிஸ்லா எட்டிப் பார்த்தாள். "பலகைக்கு மற்றப் பக்கமும் இரிக்கிதானே மாமா?"

ஜெஸீம் மகளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "சரி. தடிப்பமான பலகைதான். திருப்பிப் போடுங்க. ஆனா இந்த முற நான் வரமாட்டன். பாத்துக்கிட்டு நிக்க எனக்கு நெஞ்சு பத்தா."

ஒட்டில்லாத முழுவயர் பூட்டினார். நாலு மூலைக்கும், வெறும் காற்றில், பலமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகுதான் பலகையைத் திருப்பிப் போட்டார். செதுக்கி முடியும்வரை சுவிட்சில் கையை வைத்தபடி வாய் திறக்காமல் நின்றார். அவர் மௌனமாக இருப்பதைக் கண்ட ஹாஜறா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பூ பலகையின் தொலைவான மூலையில் இதழ் குலையாமல் விரிந்தபோது அவர் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். மரத்தூள் என்றார்.

கலியாணத்தன்று வந்தவர்களெல்லாம் கதவை வெளிப்பக்கம் தடவிப் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளை அஹ்ஸன் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அந்தக் கோட்டைப் பார்த்து, "இது என்ன டிசைன்?" என்று கேட்டான்.

"அது மாமாட கையெழுத்து," என்றாள் றிஸ்லா.

மீராமுகைதீன் திருந்திவிட்டாரா? பிந்திய ஒரு நாள் விருந்தில் அஹ்ஸன், வீட்டுப் பிரிட்ஜ் ஒரு மாதிரிச் சத்தம் போடுவதாகச் சொன்னான். பிரிட்ஜ் அடுத்த அறையில் இருந்தது. நம்மவர் சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டு போகிற வழியிலேயே, "கம்பிரசர்," என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மெஷின் பலகையின் நடுவால் கோடு இழுத்தபோது, 'வயரில்தான் கோளாறு, எனக்கு அப்போதே தெரியும்' என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா இல்லையா? அந்த மெஷினை நீங்கள் ஒரு நாளும் கண்டதில்லை. பரவாயில்லை, வாருங்கள். நம் பக்கத்தில் இடம் இருக்கிறது. சற்றுத் தள்ளி உட்காருகிறோம்.