மைனாவுக்கு அரைநாள் லீவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது. என் முதுகைத் தவிர இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மகள் சுகத்துக்கும் பதில் போடவும்.

"மூணே மாசம்தான் மாமா, கொல்லைக்கு என்னென்ன பறவை வருதுன்னு சும்மா எழுதி வைங்க" என்று நோட்டையும் பைனாகுலரையும் என் கையில் திணித்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டீர்கள். சும்மா எழுத எனக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருடம் மில் வாசலில் வருகைப் பதிவேடு போட்டவன். ஆகவே கட்டம் போட்டு, காலை ஐந்தரைக்கே கொல்லைப்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். காகம் தினமும் ஆஜர். தவிட்டுக்குருவிகள் ஏழும் சேர்ந்து வந்து, சேர்ந்து கத்தி, ஒரு வேலையும் செய்யாமல் சேர்ந்தே போகின்றன. மைனா மூன்று நாள் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரைநாள் லீவு என்பது மில் சட்டம், அதன்படி தானியத்தை நிறுத்தினேன். உங்கள் அத்தை பார்த்துவிட்டாள். "ஏங்க, நேத்து வந்த மைனாதான் இன்னிக்கும் வந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இரண்டு மாதமாக யார் தாமதத்தை யார் கட்டத்தில் எழுதினேனோ!

இப்போது ஒரு கொண்டைக்குருவி துணிக்கொடியின் கொக்கியில் கூடு கட்டி, மூன்று முட்டையிட்டு அடைகாக்கிறது. பதினைந்து நாளாகக் கொடியில் துணி போட முடியவில்லை. போர்வை சமையலறையில் காய்கிறது, நான் தாளிப்பு வாசனையில் தூங்குகிறேன். நேற்று அத்தை துடைப்பத்தோடு வந்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் நானே கூட்டை எடுத்துடுவேன்" என்று கெடு வைத்துவிட்டாள். அவ சொல்றதும் நியாயம்தானே? எனக்கும் அலுத்துப்போச்சு மாப்ளே. தூக்கம் போச்சு, கழுத்து சுளுக்கிக்கிச்சு, பைனாகுலரைப் பார்த்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்கெல்லாம் திரை மாட்டிட்டார். என்னை விட்டுடுங்க. இதையே ராஜினாமாவா வெச்சுக்குங்க. நோட்டைப் பார்சல்ல அனுப்பிடறேன், கூடு அத்தை பாடு.

மகளுக்கு என் ஆசி. வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். குஞ்சு பொரித்துவிட்டது, மூன்றும். கண் இன்னும் திறக்கவில்லை, வாயை மட்டும் மூடுவதில்லை. நோட்டு என்னிடமே இருக்கட்டும், மூன்று கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன். கூட்டைத் தொடக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதாக அத்தையிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள், மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கெடுவுக்கு முன் உங்களுக்குப் போன் செய்து கேட்பாள். தயவுசெய்து கொஞ்சம் கோபமாகவே பேசவும்.