புளி மண்டியில் ஓவியச் சந்தை

தர்மபுரியில் நவீன ஓவியம் பிறந்ததற்கும், பிறந்த சூட்டிலேயே செத்ததற்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. அவர் பிரேம் பாய்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே தந்தி ஆபீசில் குமாஸ்தா. எதிர்ச்சாரியில் பாயின் கடை. சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் போட்டோ, எது வந்தாலும் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுப்பார். பிரேம் போடுவதால் பிரேம் பாய்; அவருடைய நிஜப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒருமுறை கண்ணாடி வாங்க பெங்களூர் போனவர், கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தார். அங்கே வெயிலுக்கு ஒதுங்கிய கட்டடத்தில் ஏதோ ஓவியக் கண்காட்சி நடந்திருக்கிறது.

"ஒரு படம் சார். முழுக்கச் செவப்பு. வேற ஒண்ணுமே இல்லைங்க. நின்னு பாத்துட்டே இருந்தேன். உள்ளுக்குள்ள என்னமோ பண்ணிருச்சு."

"பித்தமா இருக்கும் பாய்."

"அட இல்லைங்க! நம்மூர்லயும் இப்பிடி ஒரு ஓவியச் சந்தை போடணும். மழையில்ல, கெணத்துல தண்ணியில்ல. சனம் மானத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது. வேற எதையாச்சும் பாக்கட்டுமே சார்!"

மறுநாள் நான் செயலாளர். என்னை யாரும் கேட்கவில்லை.

காரிமங்கலம் சந்தையில் நாங்கள் விளம்பரம் செய்தபோது, "மாட்டுச் சந்தைங்களா, ஆட்டுச் சந்தைங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பெங்களூர் ஓவியர்கள் நாலு பேர் வருவதாகச் சத்தியமே செய்தார்கள். முகூர்த்த நாள் என்பதால் கல்யாண மண்டபம் எதுவும் அமையவில்லை. கடைசியில் ஒரு புளி மண்டியின் கிடங்கைப் பிடித்தார் பாய். உள்ளே போனாலே வாயில் எச்சில் ஊறும். நம் கலையுலகில் அப்படிப் பார்வையாளர் வாயில் எச்சில் ஊற வைத்த கண்காட்சி வேறு இல்லை.

உள்ளூர் ஓவியர் என்று கிடைத்தவர் பென்னாகரத்துப் பள்ளி ஆசிரியர் முனிரத்தினம். காவிரியை மட்டுமே வரைவார், அதையும் பழுப்பு நிறத்தில் மட்டுமே. பல வருஷமாக அவை பீரோவுக்குப் பின்னால் கிடந்தன. சம்சாரத்தைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாளும் ஒருமுறைக்கு மேல் பார்த்ததில்லை. பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியபோது மனுஷர் வேறு யாரையும் தொட விடவில்லை.

சந்தை தொடங்கியது. பெங்களூர்க்காரர்கள் வரவில்லை. அவர்கள் காகிதத்தில் வரைந்த நாலு படங்கள் மட்டும் பஸ்ஸில் வந்தன. காலையில் வந்த ஒரே பார்வையாளர், தலையில் கூடையோடு ஒரு ஆத்தா. முனிரத்தினத்தின் பெரிய காவிரிக்கு முன்னால் கும்பிட்டு நின்றார்.

"இது எந்தச் சாமிங்க?"

"சாமி இல்லீங்க ஆத்தா. மாடர்ன்" என்றார் பாய்.

"மாடர்னா? கோயில் எங்க இருக்குது?"

அதற்குப் பிறகு வந்தவர்கள் புளி விலை கேட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் முனிரத்தினம் படங்களைத் திரும்பக் கட்டக் கயிற்றைத் தேடினார்.

"வுடுங்க பாய். பீரோவுக்குப் பின்னாடியே இருந்திருக்கலாம். யாரும் பாக்க மாட்டாங்கன்னு அப்பத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சு போச்சு."

பாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வானம் இடித்தது.

ஊரே வேண்டிக் கொண்டிருந்த மழை, அந்த மத்தியானத்தைப் பார்த்து இறங்கியது. தெருவில் ஆட்டம், விசில். பாயால் மட்டும் சந்தோஷப்படவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. "யா அல்லா, நாளைக்குப் பேஞ்சிருக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நிமிஷம் மழைக்கு ஒதுங்கியவர்களால் கிடங்கு நிறைந்தது. பாய்க்கு முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க! இந்தப் படம் என்ன சொல்லுதுன்னா…" என்று ஆரம்பித்தார். ஒருவரும் திரும்பவில்லை. அத்தனை பேரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசல் வழியாக மழையைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளாடு மட்டும் பெங்களூர் படங்களின் பக்கம் போனது. நாங்கள் கவனிப்பதற்குள் இரண்டைத் தின்றுவிட்டது. அன்று கலையை முழுதாக உள்வாங்கியது அது ஒன்றுதான். மீதி இரண்டும் கூரை ஒழுக்கில் கரைந்து தரையோடு போயின.

பாய் வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது ஒரு பெண் தவித்தாள். இடுப்பில் காய்ச்சல் குழந்தை. "ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க. எப்பிடிப் போவேன்?"

பாய் எழுந்தார். பெரிய காவிரியைப் பார்த்தார், பிறகு முனிரத்தினத்தை.

"வாத்தியாரே, ஆயில் பெயின்ட்டுதானே? தண்ணி ஒண்ணும் பண்ணாதுங்களே?"

முனிரத்தினம் படத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு படத்தின் ஒரு முனையைத் தானே தூக்கினார். மறுமுனையை பாய் பிடித்துக்கொண்டார். அடியில் தாயும் பிள்ளையுமாக, கொட்டும் மழையில் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது காவிரி.

தொப்பலாகத் திரும்பி வந்தவர்களில் பாய்தான் முதலில் பேசினார்: "ஒருத்தராச்சும் நம்ம படத்துக்குக் கிட்ட வந்தாங்க, வாத்தியாரே."

முனிரத்தினம் சிரித்தாரா, அழுதாரா என்று நனைந்த முகத்தில் தெரியவில்லை.

ஓவியச் சந்தை மறுபடி நடக்கவே இல்லை. அதைப் பற்றிப் பாய் பேசவும் இல்லை. எனக்கு மாற்றல் வந்து ஊரை விட்டுக் கிளம்பியபோது, பஸ் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"போற ஊர்ல எங்கியாச்சும் படம் மாட்டியிருந்தா, கொஞ்சம் நின்னு பாருங்க சார். பாவம், போட்டவங்க."

இன்றுவரை நின்று பார்க்கிறேன். ஒன்றும் விளங்குவதில்லை. இருந்தாலும் பாய்க்காக இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.