தலைகீழாக வந்த பாக்கியம்

நலம் பல பெற்று வாழ வேண்டிய தம்பி கஸ்தூரிரங்கனுக்கு, அமெரிக்காவில் ஃபிரிஸ்கோ நகரத்து மகள் மானஸா இல்லத்திலிருந்து அக்கா புஷ்பவல்லி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். என் மானம் மட்டும் சில நாட்களாக நலிவுற்றிருந்து, இப்போது தேறி வருகிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவளாயினும், ஆங்கிலத்தைச் செய்தித்தாளிலிருந்தும் சீன எழுத்துகள் சிலவற்றைக் கைப்பேசியிலிருந்தும் யார் தயவுமின்றிக் கற்றவள் நான் என்பதை நீ அறிவாய். அந்தக் கல்விதான் காலை வாரிவிட்டது. கார் இல்லாமல் கறிவேப்பிலைகூட வாங்க முடியாத இவ்வூரில், தெருவில் நடக்கும் ஜீவன்கள் இரண்டுதான்: நானும், எதிர்வீட்டுச் சீனத்து லின் அம்மாளும். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது. பிரியும்போது நான் "போயிட்டு வரேன்" என்பேன், அவர் கையசைப்பார். எனக்கு இங்கிருக்கும் ஒரே சிநேகிதம் அதுதான். சீனப் புத்தாண்டன்று அவர் வாசற்கதவில் 'ஃபூ' என்ற எழுத்து, அதாவது பாக்கியம், சிவப்புத் தாளில் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடி அணிய மறந்திருப்பார் என்று இரங்கி, ஓசையின்றி உரித்து, நேராக ஒட்டிவிட்டுத் திரும்பினால், ஜன்னலில் லின் அம்மாள் முகம்! மறுநாள் அவர் நடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மானஸா தலையில் அடித்துக்கொண்டாள். "யாரும்மா உன்னை கரெக்ட் பண்ணச் சொன்னா? அவா வேணும்னேதான் தலைகீழா ஒட்டுவா! அவா பாஷைல 'தலைகீழ்'னாலும் 'வந்தாச்சு'ன்னாலும் ஒரே சத்தமாம். வாசல் வரைக்கும் வந்த பாக்கியத்தை நீ திருப்பி அனுப்பிட்டே!"

தம்பி, வெகுநேரம் யோசித்தேன். நாம் மட்டும் வீட்டை விட்டுக் கிளம்புகையில் 'போறேன்' என்கிறோமா? போகும்போதே 'வரேன்' என்கிறோம். பார்க்கப்போனால் அதுவும் தலைகீழ்தான். அதை ஒருவர் திருத்த வந்தால் நான் பொறுப்பேனா?

மானஸாவுடன் சென்று மன்னிப்புக் கோரி, இதையும் எடுத்துரைத்தேன். அவளது கைப்பேசி அதைச் சீன மொழியில் சொல்லிற்று. லின் அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, அந்தத் தாளை என் கையாலேயே மீண்டும் தலைகீழாக ஒட்டச் செய்தார். நான் படியிறங்கும்போது, தம் வீட்டு வாசலில் நின்றபடியே, என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார். போகிறவள் நானல்லவா! நாக்கு நுனி வரை வந்த திருத்தத்தை விழுங்கிவிட்டேன். இனிப் பிறர் வாசலில் எதையும் திருத்துவதில்லை என்று உறுதியும் பூண்டுவிட்டேன்.

பாக்கியம் எந்தப் பக்கமாக வந்தாலும் உன் குடும்பத்தைச் சரியாக வந்தடையப் பெருமாளை வேண்டும்,
அக்கா புஷ்பவல்லி.

பி.கு.: சற்றுமுன் கைப்பேசிக் காணொளி ஒன்றில் ஒரு சீனப் பெரியவர் ஆங்கிலத்தில் விளக்கக் கேட்டேன். தலைகீழாக ஒட்டுவதெல்லாம் அரிசிப் பானைக்கும் அலமாரிக்குமாம். வாசற்கதவில் நேராகத்தான் ஒட்ட வேண்டுமாம். ஆக, நான் செய்ததே சரி! நாளைய நடையில் இதை லின் அம்மாளிடம் சொல்லாதிருக்கும் வலிமை எனக்குக் கிட்ட, என் பெயருக்கு உடனே ஓர் அர்ச்சனை செய்துவிடு.