பெண் பார்க்க ஓர் ஒத்திகை

என்னைப் பொறுப்பான பிள்ளை என்று இதுவரை பாராட்டிய அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பாராட்டியது என்னுடைய பயத்தை.

செய்யாரில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு வேலை. எட்டு மணி ஷிப்டுக்கு ஏழேகாலுக்கே வாசலில் நிற்பேன். (வாட்ச்மேன் எனக்கு அப்புறம்தான் வருவார்.) சேர்ந்த முதல் நான்கு வருடத்தில் ஒரு போல்ட் குறைந்ததில்லை, ஒரு நாள் லீவு போட்டதில்லை. மேனேஜர் தோளைத் தட்டி, "உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா போதும்பா" என்பார். நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் காலையில் வயிறு கலங்கும், கம்பெனியில் கக்கூஸ் போதாது என்பது அவருக்குத் தெரியாது.

என் பயத்துக்கு நான் கண்டுபிடித்திருந்த மருந்து ஒத்திகை. பரீட்சைக்கு முதல் நாளே போய் ஹாலைப் பார்த்துவிட்டு வருவேன். இண்டர்வியூவுக்கு முதல் நாள் போய் மாடிப்படிகளை எண்ணிவிட்டு வருவேன். நண்பனின் கல்யாணத்துக்குக்கூட முதல் நாளே போய் மண்டபத்தின் பின்வாசல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன். (அவன் கல்யாணத்தில் நான் ஏன் தப்பி ஓட வேண்டும்? இன்றுவரை விளங்கவில்லை.)

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். முதல் இரண்டு இடத்திலும் வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் ஊமையோ என்று சந்தேகப்பட்டு அவர்களே கழன்றுகொண்டார்கள். மூன்றாவதாக ஆரணியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பெயர் ரேணுகா. பட்டு நெய்கிற குடும்பம். போட்டோவைப் பார்த்த நிமிடமே இந்தப் பெண்தான் என்று மனசு சொல்லிவிட்டது. அதனால் பயமும் இரண்டு மடங்கானது. இதையும் கெடுத்துக்கொண்டால் எனக்கு வேறு வழியில்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஆகவே சனிக்கிழமை வாழ்க்கையில் முதல் முறையாக லீவு போட்டேன். அம்மாவிடம் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன். சட்டைப் பையில் ஒரு நோட்டு. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கெங்கே நின்றது, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்கள் தெருவுக்கு எத்தனை நிமிடம், பூ எங்கே கிடைக்கும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனேன். என்னை யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான். எங்கள் பக்கம் பெண் போட்டோதான் ஊர் ஊராகப் போகும். பையன் போட்டோவை யாரும் கேட்பதில்லை.

தெருவில் நீளமாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நெய்வதற்கு முன் நூலைப் பரப்பி ஒழுங்கு செய்கிற வேலை அது. பாதித் தெரு அதற்கே போய்விட்டது. மிச்சம் இருக்கும் இடத்தில் மறுநாள் வரப்போகும் நாங்கள் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடக்க முடியுமா என்று இரண்டு முறை நடந்து பார்த்தேன். பெண் வீடான பதினாலாம் நம்பருக்கு எதிரே நின்று வாசல் நிலையின் உயரத்தைக் கண்ணால் அளந்தேன். செருப்பு விட இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

பாவு ஓரம் நின்றிருந்த ஒரு அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் பெயர் ராஜாமணி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாருங்க நீங்க? அரை மணி நேரமா அங்கயும் இங்கயும் நடந்துகினு, எழுதிகினு கீறீங்க. இன்னா வேணும்?"

பதில்கள் பன்னிரண்டு தயாராக எழுதி வைத்திருந்தேன். எல்லாம் பெண் கேட்டால் சொல்ல வேண்டியவை. ராஜாமணி அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. வாய் தானாகத் திறந்தது.

"தறி... தறிக் கணக்கு எடுக்க வந்திருக்கேன்."

"அய்ய! ஜல்தியா வாங்கடீ எல்லாரும்! தறிக் கணக்கு எடுக்க ஆபீசர் வந்துகீறாரு! போன தபா நம்ம ஊட்டயெல்லாம் வுட்டுட்டுப் பூட்டாங்களே!"

வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வந்தது. புத்தியுள்ளவனாக இருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பான். என்னால் முடியவில்லை. இத்தனை பேர் நம்பி நிற்கும்போது வேலையை அரைகுறையாக விட்டுப் போவதா? பொய் சொன்னாலும் அதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்கிற ஜாதி நான். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து அடிக்கோலில் (ஆமாம், அடிக்கோலும் கொண்டு போயிருந்தேன்) கட்டம் போட்டேன். கதவு எண், பெயர், எத்தனை தறி, ஓடுகிறதா நிற்கிறதா, யார் நெய்வது, எத்தனை வருடமாக. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

பதிமூன்று வீடு முடித்தேன். மோர் கொடுத்தார்கள், விசிறினார்கள். "இவரு மாதிரி நெதானமா எழுதற ஆபீசர நான் பாத்ததே இல்ல" என்று ராஜாமணி அக்கா தெருவுக்கே சொன்னார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பாராட்டில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது பதினாலு. ரேணுகாவின் அப்பா ஏகாம்பரம் கை கூப்பி உள்ளே அழைத்துப் போனார். மூன்று குழித்தறிகள். நடுத்தறியில் ரேணுகாவே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். போட்டோ கொஞ்சம் குறைத்துத்தான் காட்டியிருந்தது.

"பேரு?" என்றேன்.

"ரேணுகா."

எழுதினேன். கை ஆடியதில் கோழி கிளறியது மாதிரி இருந்தது. அடித்துவிட்டு மறுபடியும் கேட்டேன். சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டேன். அதையும் சொன்னாள். அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் தறிகளை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்தது. திரும்ப எண்ணினேன். அப்புறம் சுவரோரமாகப் போய் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன்.

"மூணுதான் சார்" என்றாள் ரேணுகா. "எத்தினி தபா எண்ணினாலும் மூணுதான். கை நடுங்குது பாருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது.

அப்போது ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க நாலு எடம் சுத்தறவரு. நாளிக்கு எம்பொண்ணப் பாக்க செய்யார்லேர்ந்து வராங்க. பையன் கம்பெனி ஸ்டோர்ல கீறாராம், ரொம்பப் பொறுப்பாம். கேள்விப்பட்டு கீறீங்களா?"

தங்கமான பையன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கோ தவறான தகவல் கொடுத்துப் பழக்கமில்லை.

"வேலையில சுத்தம்னு சொல்வாங்க" என்றேன். "ஆனா... கொஞ்சம் பயந்த பையன்."

ஏகாம்பரம் முகம் வாடிவிட்டது. என் கல்யாணத்துக்கு நானே குழி வெட்டிவிட்டு, மீதி வீடுகளுக்குப் பிறகு வருவதாகச் சொல்லிக் கிளம்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மூளை மிக வேகமாக வேலை செய்தது. அடையாளம் தெரியாமல் இருக்க மீசையை வழித்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு அலறினாள். "பொண்ணு பாக்கப் போற நாள்ல யாருக்குடா காரியம் பண்ணக் கெளம்பற?"

தெருமுனையில் கால் வைத்ததும் ராஜாமணி அக்காவின் குரல். "ஆபீசர் சார்! வாங்க வாங்க! மீச எங்க? நேத்து பூட்டிகினு இருந்த ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க, எழுதிக்கோங்க!"

"யாருடா ஆபீசர்?" என்றார் அப்பா. பதில் சொல்வதற்குள் தெருவே என்னைச் சூழ்ந்து பதினாலாம் நம்பருக்குக் கொண்டுபோய் விட்டது. வாசல் நிலையில் என் தலை இடித்தது. உயரத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன், குனிய மறந்துவிட்டேன்.

உள்ளே ஏகாம்பரம் என்னையே பார்த்தார். எங்கள் ஏழு பேரையும் பார்த்தார். பாயில் மாப்பிள்ளைக்கு விட்ட இடத்தில் நான் உட்கார்ந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க ஊட்ட வேவு பாக்க வந்தியா?"

நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார். "செருப்பு விட இடம் உண்டு, ஏழு ஜோடி. வாசல் நிலை தாழ்வு, அப்பாவிடம் சொல்ல வேண்டும். பெண் ஏதாவது கேட்டால், பதில் ஒன்று..." என் அத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அழத் தயாரானாள். எழுந்து போய்விடலாம் என்று அப்பா கையை ஊன்றினார்.

காப்பித் தட்டோடு வந்த ரேணுகா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் அப்பா கையிலிருந்து நோட்டை வாங்கினாள். தறிக் கணக்குப் பக்கத்தைப் புரட்டி பதினாலாம் வரியில் விரலை வைத்தாள். குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அவள் படிக்கும்போது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"பெயரை மூன்று முறை கேட்டேன். கோபப்படவில்லை."

நோட்டை மூடினாள். அப்புறம் என்னிடம் கேட்டாள். "பயந்த பையன்னு நேத்து சொன்னீங்களே, நெசமா?"

"நெசம்தாங்க."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எம்புள்ள சிங்கம், புலின்னுதான் சொல்லிகினு வராங்க. இவுரு ஒருத்தருதான் தன்னப் பத்தித் தானே போட்டுக் குடுத்துகீறாரு. எனக்குப் புடிச்சிகீதுப்பா."

ஏகாம்பரம் இறங்கி வர இரண்டு வாரமானது. தெரு மட்டும் ஒரு நிபந்தனை போட்டது. விட்டுப்போன வீடுகளை எண்ணி முடிக்காமல் தாலி கட்டக் கூடாது. நிச்சயதார்த்தத்தன்று பட்டு வேட்டியோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். பிறகு நிஜமான ஆபீசர் வந்தபோது ராஜாமணி அக்கா என் நோட்டை அவரிடம் நீட்டியிருக்கிறார். அவர் சரிபார்த்துவிட்டு, யார் எழுதியது, ரொம்பப் பொறுப்பான ஆள் என்றாராம்.

கல்யாணமான பிறகும் நான் மாறவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கும் முன் ரிக்‌ஷாவில் மூன்று நாள் வெறுமனே போய்வந்தேன். வயிற்று வலி விடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வழியாக வேலூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனோம். என்ன கஷ்டம் என்று அவர் கேட்டதும் எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தை நீட்டினேன்.

"நேத்தே தனியா வந்து ஆஸ்பத்திரியப் பாத்துட்டுப் போனாரு டாக்டர்" என்றாள் ரேணுகா.

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுக்குப் பேரு பதட்டம். வேலையெல்லாம் ஒழுங்கா முடிச்சிடறதால யாரும் கண்டுக்கல. நீங்களும் கண்டுக்கல" என்றார். முப்பது வருடம் பொறுப்பு என்று சுமந்ததை ஒருவர் வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எதையும் ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அப்புறம் வருகிற பயம் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும் என்றார். எனக்கு ஞாபகப்படுத்தும் பொறுப்பை ரேணுகாவிடம் கொடுத்தார்.

அவள் அதற்குப் புதிதாக வார்த்தை தேடவில்லை. கேஸ் அடுப்பை நான் இரண்டாவது முறை பார்க்கப் போனால் கூடத்திலிருந்து குரல் வரும்: "மூணுதான் சார்!" இப்போது மகளும் சொல்கிறாள். ஆரணியில் எனக்கு இன்றும் பெயர் ஆபீசர் மாப்பிள்ளை. அந்த நோட்டின் பதினாலாம் வரிப் பக்கம் மட்டும் ரேணுகாவின் முகூர்த்தப் புடவை மடிப்புக்குள் இருக்கிறது.

போன முறை ஆரணிக்குக் கிளம்பினோம். பஸ் செய்யாரைத் தாண்டும்போது வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. இறங்க எழுந்தேன். ரேணுகா ஜன்னலைப் பார்த்தபடியே "மூணுதான் சார்" என்றாள். உட்கார்ந்தேன். மூச்சை எண்ணினேன். ஆரணி வரும்வரை இறங்கவே இல்லை.

பூட்டு பூட்டித்தான் இருந்ததாம். (பக்கத்து வீட்டுக்கு ஒரே ஒரு போன் போட்டேன். ஒரு முறை பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.)